வான்கோவின் கடிதங்கள்: படிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம், ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து, டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ எழுதிய 819 கடிதங்களையும் அவருக்கு வந்த 83 கடிதங்களையும் 2009-இல் இணையப் பதிப்பாக வெளியிட்டது. கட்டணம் ஏதுமில்லை. மூல வாசகம், தாளின் ஒளிப்படம், ஆங்கில மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பு ஆகியவற்றுள் நமக்கு வேண்டியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பெரும்பாலோர் நேராக மொழிபெயர்ப்புக்குத்தான் போவார்கள். நானும் பல மாதங்கள் அப்படித்தான் படித்தேன். டச்சும் பிரெஞ்சும் தெரியாத நமக்கு ஒளிப்படத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பொருள் புரியாததாலேயே கண் சொல்லை விட்டுவிட்டுக் கோட்டைப் பற்றிக்கொள்கிறது என்பதை 722-ஆம் எண்ணுள்ள கடிதத்தைத் திறந்தபோதுதான் உணர்ந்தேன். 1888 நவம்பரில், பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதியது அது. அப்போது தாம் தீட்டிக்கொண்டிருந்த விதைப்பவன் ஓவியத்தை அதே தாளில், அதே மையில் வரைந்து காட்டியிருக்கிறார். குறுக்கே சாய்ந்து நிற்கும் மரம், விதைப்பவனின் பின்னே பெரிய சூரிய வட்டம், உழுத நிலத்துக்குச் சின்னச் சின்னப் பேனாக் கீற்றுகள். எழுத்திலிருந்து சித்திரத்துக்கு மாறும்போதும் கையின் வேகம் மாறவில்லை. அந்தக் கீற்றுகளுக்கும் மேலுள்ள வரிகளின் சாய்வுக்கும் பேதம் காண்பது கடினம்.

படத்தில் ஒரு சொட்டு வண்ணம் இல்லை. வண்ணத்தைச் சொற்கள் பார்த்துக்கொள்கின்றன: சூரியன் எலுமிச்சை மஞ்சள், வானம் பச்சை கலந்த மஞ்சள், மேகம் இளஞ்சிவப்பு, நிலம் ஊதா. ஆகவே அந்தத் தாளில் எழுத்தைப் படத்துக்கான விளக்கம் என்று தள்ளிவிட முடியாது. படத்தின் பாதி எழுத்துக்குள்தான் இருக்கிறது.

குறை ஒன்று உண்டு. திரையில் எல்லாத் தாளும் ஒரே அளவாகிவிடுவதால், கையில் பிடித்து மடித்து உறையிலிட்ட பொருள் என்ற உணர்வு மங்குகிறது. மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் 1888 அக்டோபரில் தம் படுக்கையறை ஓவியத்தை அவர் வரைந்து காட்டிய கடிதத்தில், அதாவது 705-ஆம் எண்ணுள்ளதில், தொடங்கலாம். ஒளிப்படத்தை முதலில் திறந்து, நன்றாகப் பெரிதாக்கி, கட்டில் கால்களை அவர் எத்தனை இழுப்பில் முடித்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பை அதன் பிறகு திறங்கள்.