பழத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

வெள்ளவத்தைச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்துவிட்டால் என் கலோரிக் கணக்குப் புத்தகம் மேசையில் தூங்கும். பழம்தானே என்று விட்டுவிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பப்பாசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 43 கலோரி, வத்தகப்பழத்தில் 30. நார்ச்சத்தும் நீரும் வயிற்றை நிரப்பிவிடும்; பப்பாசி தின்று பருத்தவரை நான் கண்டதில்லை. எழுதும் தொல்லையும் மிச்சம்.

ஆனால் எல்லாப் பழமும் பப்பாசி அல்ல. ஆனைக்கொய்யாவில் 100 கிராமுக்கு 160 கலோரி. அதை நாம் சும்மாவா தின்கிறோம்? கரண்டியால் மசித்து, சீனி தூவி, ரின்பாலையும் ஊற்றிக் குழைத்தபிறகு அது பழமா, பாயசமா? மாம்பழத்தில் 60தான். ஆனால் ஒன்றோடு நிறுத்துகிறவர் யார்? சதை 300 கிராம் தேறினால் 180 கலோரி. இரண்டு தின்றால் 360, ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கிட்ட.

எடை குறைக்க ஒவ்வொரு கலோரியாக எண்ணுகிறவர் பழத்தையும் எழுதத்தான் வேண்டும். நான் வத்தகப்பழம், பப்பாசி, கொய்யாவை விட்டுவிடுகிறேன். மாம்பழம், வாழைப்பழம், ஆனைக்கொய்யாவை எழுதுகிறேன். காலி வீதிக் கடையில் சீனி போட்டு அடித்துத் தரும் பழச்சாற்றுக்கு மட்டும் சலுகையே கிடையாது.