பிரேக் பேட் மாத்துறவங்க உஷார்: பெங்களூருல 6,800 ரூபாய் போச்சு

வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்புற கார் சர்வீஸ் ஆப் ஒண்ணு. முன் பேட் மாத்தி, நாலு வீலுக்கும் ப்ளீடிங் (பிரேக் லைன்ல இருக்கிற காத்தையும் பழைய ஃப்ளூயிடையும் வெளியேத்துறது) பண்ணித் தர 6,800 ரூபாய். டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் 1 லிட்டர், ப்ளீடிங் 4 வீல்னு பில்லுல தனித்தனியா போட்டிருக்கு.

சீல் பிரிக்காத பாட்டிலைக் கையில கொடுத்து, "நீங்களே பிரிச்சுக் கொடுங்க சார்"ன்னான் வந்த பையன். அதுக்கு மேல யாருக்குச் சந்தேகம் வரும்?

சில்க் போர்டு சிக்னல் வர்றதுக்குள்ள பெடல் பஞ்சு மாதிரி உள்ள இறங்குது. ரெண்டு தடவை பம்ப் பண்ணாதான் பிடிக்குது. லைன்ல காத்து இருந்தா அப்படித்தான். ஃப்ளூயிட் அமுங்காது, காத்து அமுங்கும். வீலைக் கழட்டினா, ப்ளீடிங்குக்குத் திறக்கிற பின் நிப்பிள் ரெண்டுலயும் ரப்பர் மூடி மேல பழைய சேறு காய்ஞ்சு அப்படியே இருக்கு. ஸ்பேனரே படல. முன் இடது நிப்பிள் மட்டும் முனை மழுங்கி, ஓரமா கசியுது. அந்த ஒண்ணைத் திறந்துட்டு, மேல ஃப்ளூயிட் ஊத்துற ரிசர்வாயர் காலியாகிறதைக் கவனிக்காம காத்தை இழுக்க விட்டிருக்கான். அப்புறம் மேல புதுசை ஊத்தி மூடியாச்சு. பின் நிப்பிளைத் திறந்தா வர்றது கறுத்துப்போன பழசுதான். இந்த ஃப்ளூயிட் ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும். ஈரம் சேர்ந்துட்டா 155 பக்கத்துலயே கொதிக்க ஆரம்பிக்கலாம். நந்தி மலை இறக்கத்துல அது கொதிச்சா பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது!

போன் பண்ணா, "புது பேட் செட் ஆகணும் சார், 200 கிலோமீட்டர் ஓட்டுங்க." பேட் செட் ஆகிற வரைக்கும் பிடிப்பு கொஞ்சம் குறையும், வாஸ்தவம். அதுக்காகப் பெடல் பஞ்சாகாது. அப்புறம் "டெக்னீஷியன் லீவு." நிப்பிள் போட்டோ அனுப்பினதும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். என்னத்தைத் தீர்த்தாங்க? உயிர் சம்பந்தப்பட்ட வேலை, 6,800 ரூபாய் வாங்கிட்டு இந்த லட்சணம்.

அவசரமா அஞ்சு விஷயம். வெறும் பேட் மாத்த ப்ளீடிங் கட்டாயமில்ல. லைனைத் திறக்கலேன்னா, பேடை அழுத்துற பிஸ்டனை உள்ள தள்ளி பேட் போட்டுட்டு, பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிச்சா போதும். ப்ளீடிங் பண்ணா, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிச்சா ஃப்ளூயிடைத் தள்ளுற பாகம்) தூரமான வீல்தான் பெரும்பாலும் முதல்ல, நம்ம ஊர் வண்டியில பின் இடது. சில வண்டிக்கு வரிசை வேற, மேனுவல் பாருங்க. நிப்பிள்ல மாட்டின டிரான்ஸ்பரன்ட் ட்யூப்ல குமிழ் வர்றது நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. நிப்பிளை மூடினப்புறம்தான் பெடல்ல இருந்து காலை எடுக்கணும். பெடலை மிதிச்சுப் பார்க்காம பணத்தைக் கொடுக்காதீங்க.