24 ஆரங்களும் ஒட்டாத மேட்டும்

பக்கத்து வீட்டு அக்கா நேற்று வாசலில் நின்றபடியே கேட்டார், "குடியரசு தினத்துக்கு ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் பேட்ஜ் செய்யணுமாம், உன்கிட்ட இருக்கிற மாதிரி கட்டிங் மெஷின் வாங்கிடலாமா?" அரைமணி நேரம் பதில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் மேட்டை, அதாவது காகிதத்தை ஒட்டி மெஷினுக்குள் விடும் பசை விரிப்பை, திட்டியதுதான்.

கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்தைச் சின்னக் கத்தியால் காகிதத்தில் அப்படியே வெட்டித் தரும் மெஷின் அது, மற்றதை விட்டுவிடுகிறேன். மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், வாங்கியதே அசோகச் சக்கரத்துக்காகத்தான். காகிதத்தில் அதைக் கையால் வெட்டிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். 24 ஆரம் (சக்கரத்தின் கம்பிகள்), 15 டிகிரிக்கு ஒன்று. கட்டர் கத்தியோடு குனிந்து உட்கார்ந்து பதினெட்டு, பத்தொன்பது வரை வந்தபிறகு ஒன்று அறுந்து போகும், அப்புறம் முதலிலிருந்து. முதல் தடவை மெஷின் வெட்டிய சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, நம்பாமல் இரண்டு முறை எண்ணினேன். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் வெட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். இலவசமாக இறக்கிய ஒரு சக்கரத்தில் 20 ஆரம்தான் இருந்தது, ஒரு அட்டைக் கட்டையே முடித்த பிறகுதான் கவனித்தேன். கொடியில் இருக்கிற அசல் வடிவத்தை அப்படியே வெட்டினாலும் நிற்காது, ஏனென்றால் அதில் ஆரங்கள் விளிம்புக்குப் போகப் போகக் கூர்மையாகிவிடும், காகிதம் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. அதனால் நானே நேரான பட்டைகளாக வரைந்து, வளையத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி, வெல்ட் செய்து, அதாவது சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்து வைத்திருக்கிறேன். 3 அங்குலச் சக்கரத்தில் நடு வட்டத்தின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 44, அதை 24ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு பட்டைக்கும் ஒரு இடைவெளிக்கும் சேர்த்து 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதைவிடச் சின்னதாக வெட்ட ஆசைப்பட்டால் அது உங்கள் விதி.

இப்போது மேட். 12 அங்குலச் சதுரம், ஒரு பக்கம் பசை. புதிதில் காகிதத்தைக் கிழித்துத்தான் விடும், கொஞ்ச நாள் சொர்க்கம், அதன்பிறகு காகிதத் தூசி படிந்து பசை செத்துவிடும். ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஒட்டினால் தாள் நிற்கும், சரி. ஆரங்களுக்கு நடுவே வெட்டுப்படுகிற அந்த 24 குட்டி முக்கோணங்களை யார் பிடிப்பது? ஒன்று எழும்பினால் போதும், பிளேடு அதை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஆரத்தையும் சேர்த்துப் பிய்த்துவிடும். போன ஆகஸ்ட் 14 இரவு பதினொரு மணிக்கு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு மேட்டைக் குழாயடியில் கழுவி, காற்றில் காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுக் காவல் காத்தேன். காய்ந்ததும் பசை கொஞ்சம் திரும்பியது, கூடவே ஃபேன் கொட்டிய தூசியும்.

நியாயமாகச் சொன்னால் பாதித் தப்பு என்னுடையது. மினுமினுப்பு அட்டையை அதே மேட்டில் போட்டேன். மெல்லிய கலர் பேப்பரில் முயன்றேன், ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக வந்தது. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) அட்டை, மெதுவான வேகம், அவ்வப்போது பிளேடை அலுமினியத் தாள் உருண்டையில் குத்தித் துடைப்பது, வெட்டியதும் மேட்டைக் கவிழ்த்து, காகிதத்தை அல்ல, மேட்டை வளைத்துப் பிரிப்பது, இவ்வளவும் செய்தால் சக்கரம் சுருளாமல் முழுதாக வரும். இதையெல்லாம் எனக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை என்பதுதான் கோபம்.

கொடியை மட்டும் நான் வெட்டுவதில்லை. காகிதக் கொடியைத் தரையில் வீசக்கூடாது என்று 2002 கொடிச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது, விழா முடிந்த பள்ளி மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை அடுக்கி, மேலே நீலச் சக்கரம், பின்னால் ஒரு ஊக்கு, அவ்வளவுதான் என் பேட்ஜ். சாஃப்ட்வேரில் துண்டுகளை வைத்த இடத்திலேயே நிறுத்தும் அட்டாச் பொத்தானை அழுத்த மறந்தால் காகிதம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று எல்லாத் துண்டுகளையும் கலைத்து அடுக்கும், அதையும் ஒருமுறை அனுபவித்தாயிற்று.

கடைசியில் அக்காவிடம் வாங்காதீர்கள் என்றே சொல்லிவிட்டேன். வருடத்துக்கு இரண்டு நாளைக்காக இந்த மேட்டோடு யார் மல்லுக்கட்டுவது?

"அப்ப நீயே முப்பது பேட்ஜ் வெட்டிக் குடுத்துடேன்."

வெட்டித் தருகிறேன், புது மேட் நீங்கள் வாங்கி வாருங்கள் என்றேன். சாயங்காலமே வாங்கி வந்துவிட்டார். இதை எழுதும்போது ஒன்பதாவது சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை ஒரு ஆரம்கூட அறுபடவில்லை.