மேட்பிளாட்லிப் சேவ் பட்டன்: விண்டோ பெரிதானால் எழுத்து சிறுக்கும்

வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் போடும்போது வரைபடத்தின் எண்கள் எறும்பு மாதிரி தெரிந்தால், கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். பைத்தான் மொழியில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் அருமையான கருவிதான். அது படத்தைக் காட்டும் விண்டோவில் உள்ள சேவ் பட்டனில்தான் சிக்கல். விண்டோ எந்த அளவில் இருக்கிறதோ, படமும் அதே அளவில் பதிவாகும். 1920 பிக்சல் திரையில் முழுதாக விரித்தால், 100 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல்) கணக்கில் அகலம் சுமார் 19 அங்குலம். எழுத்தோ அதே 10 பாயின்ட். அதைத் தாளில் 6.4 அங்குலத்துக்குச் சுருக்கினால் மூன்றரை பாயின்ட்கூடத் தேறாது.

பட்டனை விட்டுவிட்டு, புரோகிராம் கோடிலேயே (code) சேமியுங்கள்: ஃபிக்சைஸ் (figsize, அங்குலத்தில் அகலம், உயரம்) 6.4, 4.8; சேமிக்கும் கட்டளையான சேவ்ஃபிக்கில் (savefig) டிபிஐ 300. அகலம் 1920, உயரம் 1440 பிக்சல் கிடைக்கும். பிஎல்டி.சேவ்ஃபிக் வரி, படத்தைத் திரையில் காட்டும் பிஎல்டி.ஷோ வரிக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வைத்தால் பெரும்பாலும் வெற்றுப் படம்தான். சேவ்ஃபிக்கின் பிபாக்ஸ் (bbox_inches) அமைப்பில் 'டைட்' கொடுத்தால் ஓரம் வெட்டுப்பட்டு அளவு மறுபடி மாறும்.