ஃப்ரீகேட் 1.0: திரையில் ஒரு யுத்த தாங்கி

ஹட்டன் பக்கத்தில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு, டொலரில் சந்தா கேட்காத கணினி வடிவமைப்பு மென்பொருளே பொருந்தும். 2024 நவம்பரில் வெளியான ஃப்ரீகேட் 1.0 இலவசமானது, ஒருமுறை இறக்கிக்கொண்டால், மழையில் இணைய இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்பதில்லை.

அதில் சோவியத் ரி-34 தாங்கியை வரைந்து பார்த்தேன். அதன் முன்புறக் கவசத் தகடு 45 மில்லிமீற்றர் தடிப்புடையது, நிலைக்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தது. அந்த அளவுகளை இட்டு, நேரே வரும் குண்டின் பாதையாகத் தகட்டின் ஊடாகக் கிடையாக ஒரு கோடு இழுத்து அளந்தால் 90 மில்லிமீற்றர் வருகிறது. சாய்வான கவசத்தின் பயனை எந்தப் பாடப்புத்தகப் படத்தையும்விட இது தெளிவாக உணர்த்துகிறது. ஃப்ரீகேட்டின் முந்தைய பதிப்புகளில், இடையில் ஓர் அளவை மாற்றினால், மாதிரியின் முகங்களுக்கு (பரப்புகளுக்கு) மென்பொருள் இட்ட பெயர்கள் குழம்பி மாதிரியே சிதைந்துவிடுவதுண்டு. அந்தத் தொல்லை இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது.

பக்கத்துக்கு ஐந்தாக உள்ள சக்கரங்களுக்கு, ஒன்றை வரைந்து பிரதியெடுத்தால் போதும். பொறுமையைச் சோதிப்பது சங்கிலிப் பட்டைதான். பல்லுள்ள தகடும் பல்லில்லாத தகடும் மாறி மாறி வருவதால், இரண்டையும் சோடியாக்கிப் பாதை நெடுக அடுக்க வேண்டும். பழைய மடிக்கணினி அதைக் கணித்து முடிப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். வண்ணப்பூச்சும் சேறும் தெரியும் படம் வேண்டுமென்றால், மாதிரியைப் பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.