மோரோவிண்ட், ஒப்லிவியன், ஸ்கைரிம்: உடுப்பு ஸ்லாட்களில் எது மேல்?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டு வரிசையை நெடுநாளாக விளையாடி வருகிறவர்களுக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. புதிய விளையாட்டு வரும்போதெல்லாம் நம் கதாபாத்திரத்தின் உடலில் சில ஸ்லாட்கள், அதாவது உடுப்போ அணியோ மாட்டும் இடங்கள், காணாமல் போகின்றன. ஆயுதத்தையும் அம்புகளையும் விட்டுவிட்டு எண்ணினால், 2002இல் வந்த மோரோவிண்டில் 17 ஸ்லாட்கள். 2006இல் ஒப்லிவியனில் 9. 2011இல் ஸ்கைரிமில் 7. இந்தக் குறைப்பு எதற்காக, அதனால் நினைத்தது நடந்ததா என்பதுதான் என் கேள்வி.

மோரோவிண்டில் கவசம் மட்டுமே ஒன்பது துண்டு. தலை, மார்பு, கால், பூட்ஸ், கேடயம் போக, தோள்கவசமும் கைக்கவசமும் இடது, வலது எனத் தனித்தனி. அடியில் சட்டையும் கால்சட்டையும். மேலே பாவாடை, எல்லாவற்றுக்கும் மேல் ஓர் அங்கி. இடுப்புப் பட்டை, இரண்டு மோதிரம், ஒரு கழுத்தணி. ஆளை மறைக்கும் அங்கியின் உள்ளே முழு இரும்புக் கவசத்தோடு ஊருக்குள் நடமாடலாம்.

இது வெறும் அலங்காரம் அல்ல. மொத்தப் பாதுகாப்பில் மார்க்கவசத்தின் பங்கு 30 விழுக்காடு. தலை, கால், பூட்ஸ், கேடயம், தோள் ஒவ்வொன்றும் 10. கை ஒவ்வொன்றும் வெறும் 5. ஆகவே கைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மந்திரம் ஏற்றிய துணிக் கையுறையை மாட்டிக்கொண்டால் பெரிய நஷ்டமில்லை. தோள்கவசத்தை அலட்சியம் செய்தால் அடி பலமாக விழும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற கணக்கை ஒவ்வொரு ஸ்லாட்டும் நம்மிடம் கேட்கிறது. கதையின் முடிவுக்குத் தேவையான ரெய்த்கார்ட் கூட ஒற்றைக் கைக்கவசம்தான். மறு கையில் என்ன அணிவது என்பது நம் விருப்பம்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, பூட்ஸ் ஆஃப் பிளைண்டிங் ஸ்பீட். கால்டேரா ஊருக்கு அருகே சாலையில் நிற்கும் ஒரு பெண்ணிடமிருந்து கிடைப்பது. மாட்டினால் வேகம் 200 புள்ளி ஏறும். கூடவே திரை இருண்டு கண் தெரியாமல் போகும். பிரெட்டன் இனத்தவருக்குப் பிறவியிலேயே 50 விழுக்காடு மந்திர எதிர்ப்பு இருப்பதால் பாதி இருட்டோடு தப்பிவிடுவார்கள். மீதிப் பாதிக்கும் வழி உண்டு. பூட்ஸை மாட்டும் அந்த நொடியில் ஒரு மந்திரத்தால் எதிர்ப்பை 100 விழுக்காட்டுக்கு உயர்த்திவிட்டால் போதும். மந்திரம் தீர்ந்த பிறகும் பார்வை பறிபோகாது. ஆனால் பூனை போன்ற கஜீத் இனத்துக்கும் பல்லி போன்ற ஆர்கோனியன் இனத்துக்கும் இந்த வித்தை பலிக்காது. அவர்களின் பாத அமைப்புக்கு எந்தப் பூட்ஸும் பொருந்தாது, முகத்தை மூடும் தலைக்கவசமும் ஏறாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுத்த இனம் கடைசிவரை உடுப்பில் பேசுகிறது. அடுத்து வந்த இரண்டு விளையாட்டுகளிலும் இந்த வேறுபாட்டையே எடுத்துவிட்டார்கள். அது எனக்கு உண்மையான வருத்தம்.

ஒப்லிவியன் நடுவில் நிற்கிறது. தோள் போனது, கைகள் ஜோடியாகின, கவசத்துக்கு அடியில் சட்டை போட வழியில்லை, மேலே அங்கியும் போட முடியாது. மோதிரம் மட்டும் இரண்டாகவே தப்பியது. ஸ்கைரிம் அதையும் ஒன்றாக்கி, மார்க்கவசத்தையும் கால்கவசத்தையும் ஒரே உடுப்பாகத் தைத்துவிட்டது.

ஸ்கைரிமுக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லியாக வேண்டும். மேலும் கீழும் ஒன்றானதால் அதன் உரோம உடைகளும் தோல் கவசங்களும் ஒரே ஆள் உடுத்தியவை போல உடலோடு இசைந்து நிற்கின்றன. மோரோவிண்டின் துண்டுகள் பல நேரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியும். முதன்முறை விளையாட வருகிறவருக்கு ஸ்கைரிம்தான் எளிது.

ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மந்திரம் ஏற்றிய பொருளை மாட்டலாம் என்பதால், ஸ்லாட் குறைந்தால் ஆட்டத்தின் சமநிலை காக்கப்படும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது மட்டும் எடுபடாது. ஒப்லிவியனில் ஒரு பொருளில் உருமறைப்பு மந்திரத்தை 20 விழுக்காடு ஏற்றலாம். ஐந்து பொருள் சேர்ந்தால் 100. பிறகு எதிரிகளின் கண்ணெதிரே நாம் நின்று வெட்டினாலும் அவர்களுக்கு நம்மைத் தெரியாது. ஸ்கைரிமில் மந்திரம் ஏற்றும் திறனை முழுதும் வளர்த்தவர் தலை, உடல், மோதிரம், கழுத்தணி ஆகிய நான்கிலும் மந்திரச் செலவைக் குறைக்கும் மந்திரத்தை 25 விழுக்காடு வீதம் ஏற்றினால் அழிப்பு மந்திரங்கள் இலவசமாகிவிடும். ஒரு பொருளில் இரண்டு மந்திரம் ஏற்றும் திறனும் 100ஆம் நிலையில் கிடைப்பதால், இன்னொரு மந்திரப் பிரிவும் சேர்ந்தே இலவசம். பதினேழு ஸ்லாட் ஏழானபோதும் ஓட்டை அடைபடவில்லை.

இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தது மேசையில் விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதற்கு முன் வந்த பதிப்புகளில் ஒன்றான 3.5 தலை, கண், தோள், இடுப்பு என்று உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தது. ஐந்தாம் பதிப்பு, வலிமையான மாயப் பொருள்களோடு மனத்தால் ஒன்ற வேண்டும், ஒரே நேரத்தில் மூன்றோடுதான் ஒன்ற முடியும் என்று விதித்தது. 2022இல் வந்த எல்டன் ரிங் என்ற கணினி விளையாட்டும் ஏறக்குறைய இதே வழிதான்: உடுப்புக்கு நான்கு இடம், மந்திரத் தாயத்துகளுக்குத் தனியாக அதிகபட்சம் நான்கு. பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு டன்ஜன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளில் எழுந்தது என்றாலும் அந்த மூன்று என்ற வரம்பை மட்டும் கைவிட்டது. அதனால் பொருள்களை அடுக்கிச் சேர்ப்பதே தனி விளையாட்டாகிவிடுகிறது. ரசிக்கத்தக்கதுதான், ஆனால் பிந்தைய பகுதிகளின் சண்டைகள் இலகுவாகிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் கட்சி மோரோவிண்ட்தான், ஒரே ஒரு திருத்தத்தோடு. உடல் எத்தனை துண்டு உடுத்தலாம், எத்தனை மந்திரம் தாங்கலாம் என்பவை இருவேறு கேள்விகள். ஒப்லிவியனும் ஸ்கைரிமும் இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடி முதலாவதில் கத்தரி வைத்தன. அங்கி, பாவாடை, ஒற்றைத் தோள்கவசம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். ஒரே நேரத்தில் வேலை செய்யும் மந்திரங்களை மட்டும் மூன்றாகவோ நான்காகவோ நிறுத்துங்கள். 2018இல் அறிவிக்கப்பட்ட ஆறாம் எல்டர் ஸ்க்ரோல்ஸில் இத்தனையும் வராவிட்டாலும், கவசத்தின் மேல் ஓர் அங்கி போட்டுக்கொள்ளவாவது விட வேண்டும்.