அப்பா விட்டுச்சென்ற 1400 பக்கி: பழைய எஞ்சினா, மாற்று எஞ்சினா, என்பி 200-ஆ?

டர்பனின் மெர்பேங்க் பகுதியிலிருந்து ஒரு மாமா தம் அப்பாவின் நிசான் 1400 பக்கியை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சிறு சரக்கு வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் எல்லா மொழிக்காரர்களும் பக்கி என்றுதான் சொல்கிறார்கள். எஞ்சின் நீலப் புகை கக்கியது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. நான்கு சிலிண்டரில் மூன்றாவதில் மட்டும் அழுத்தம் 6 பார், மற்ற மூன்றிலும் 11. அதில் அரைக் கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தேன். முள் ஏறியது. வால்வில் குறையில்லை, பிஸ்டன் வளையம்தான் தேய்ந்திருக்கிறது.

“தம்பி, இதையே சரிசெய்வதா, வேறு எஞ்சின் போடுவதா, இல்லை தலைமுழுகிவிட்டு நிசானின் என்பி 200 பக்கி ஒன்றை வாங்கிவிடுவதா?” என்று கேட்டார். டர்பனில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் மாதம் ஒருமுறையாவது வரும் கேள்வி இது. பதிலை அவசரமாகச் சொல்லி, பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டவைத்து, இரண்டே வருடத்தில் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிய கதைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1971-இல் டாட்சன் 1200 பக்கியாக வந்த வண்டி இது. பிறகு 1400 எஞ்சின் ஏறியது. தோற்றத்தில் பெரிய மாற்றமில்லாமல் பிரிட்டோரியா அருகே ரோஸ்லினில் 2008 வரை தயாரானது. டர்பன் வார்விக்கின் அதிகாலைச் சந்தைக்குக் கீரையும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் ஏற்றிவந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வண்டிதான் சோறு போட்டது. மாமாவின் அப்பாவும் அப்படி ஒருவர்தான். பாசத்தோடு கேட்கப்படும் கேள்வி என்பதால் இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சினைப் பற்றிப் பேசும் முன் வண்டியின் தரையைப் பார்க்க வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. டர்பனில் கடல் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் சொட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் மெல்லிய தகடு உள்ளிருந்தே அரிக்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் தகடு பிஸ்கட்டாகிக் கிடக்கும். 1400 பக்கிக்கு லாரிகளைப் போல அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. ஓட்டுநர் அறையும் பின்தொட்டியும் ஒரே உடல். அந்த உடல்தான் பாரத்தைத் தாங்குகிறது. தகடு போனால் வண்டியே போயிற்று.

மாமாவின் வண்டியில் ஓட்டுநர் பக்க ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். கீழே பட்டறையின் சிமெண்டுத் தரை தெரிந்தது, என் உள்ளங்கை அகலத்துக்கு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தைத் திருப்புளியால் அழுத்தினால் முனை உள்ளே இறங்கியது. அதன் வடிகால் துளைகள் அடைத்துப்போய் உள்ளே மண் இறுகியிருந்தது. அந்த மண்ணைக் கம்பியால் நோண்டி எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் காய்ந்த மல்லி விதைகள் வந்தன. மாமா அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

இங்கேயே ஒரு கிளைக் கேள்வி உண்டு: ஓட்டையைப் பட்டி பார்த்து மூடுவதா, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதா? பட்டிக்கு இரண்டு நாள் போதும். கண்ணாடி இழையை ஒட்டி, மேலே பட்டி தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் வண்டி கல்யாணத்துக்குப் போகலாம். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் விட்டுவைத்த துருவுக்கு அது தினமும் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. இன்னும் மோசமான விஷயம், பட்டிக்கு வலு கிடையாது. இருக்கைத் திருகாணியும் சீட்பெல்ட் கொக்கியும் பின்பக்கப் பட்டை வில்லின் தாங்கியும் பட்டியில் நிற்காது. என் பட்டறையில் பாரம் தாங்கும் எந்த இடத்திலும் பட்டி பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் கெஞ்சினாலும் செய்வதில்லை.

வெட்டிப் பற்றவைப்பது பொறுமை கேட்கும் வேலை. துரு கண்ணுக்குத் தெரியும் எல்லையிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, தட்டினால் கணீர் என்று பதில் சொல்லும் நல்ல தகடுவரை வெட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடு என்பதால் 0.6 மில்லிமீட்டர் கம்பியோடு, ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி என்று தாவித் தாவிப் பற்றவைக்க வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்து அப்பளமாகிவிடும். பிறகு இணைப்புகளுக்குப் பசை, உள்ளறைகளுக்கு மெழுகு. முக்கியமாக, வடிகால் துளைகளைத் திறந்துவிட வேண்டும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் இரண்டு மணி நேரம் மின்சாரம், இரண்டு மணி நேரம் காத்திருப்பு என்று இந்த வேலையைச் செய்தோம். அப்போதும் பட்டிக்கு இறங்கவில்லை. மாமாவின் வண்டிக்கு உடல் வேலை மட்டும் 90 மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்ட 25 மணி நேரம் போதும். செலவு எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரியும்.

இனி எஞ்சின். முதல் வழி, இருக்கும் ஏ14 எஞ்சினைப் புதுப்பிப்பது. 1397 சிசி, வார்ப்பிரும்பு உடல், அலுமினிய மேல்மூடி (ஹெட்), வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க (டைமிங்) ஒரு சங்கிலி. இவ்வளவு நேர்மையான எஞ்சினை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாம் கைக்கு எட்டும். திறந்தால் எது தேய்ந்தது என்று கண்ணே சொல்லிவிடும். லேத் பட்டறைக்கு அனுப்பி சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன், கிராங்கைத் தீட்டி புது பேரிங், ஹெட்டைச் சமமாக்கி வால்வு உட்கார வைத்தால் இன்னொரு தலைமுறை ஓடும். அத்தனை வருடம் தயாரான வண்டி என்பதால் பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை.

இந்த இடத்தில் பலர் ஈய பெட்ரோல் பற்றிப் பயப்படுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2006 தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. ஹெட்டும் வார்ப்பிரும்பாக உள்ள பழைய எஞ்சின்களில், உதாரணமாக ஃபோர்டு கார்டினாவின் எசெக்ஸ் வி6-இல், ஈயம் இல்லாத பெட்ரோலால் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்து உள்ளிறங்கும். அதற்குக் கெட்டியான இருக்கை வளையம் இறக்கித் தர வேண்டும். அலுமினிய ஹெட்டில் தனி வளையம் முதலிலேயே இருக்கிறது. 1400-காரர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏ14-இன் குறை, காற்றோடு பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டர். டர்பனுக்குள் ஓடும் வரை பிரச்சினை இல்லை. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் போனால் 1,700 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்றில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கடல் மட்டத்துக்கு அளந்துவைத்த கார்புரேட்டர் அதை அறியாமல் அதே அளவு பெட்ரோலை விடும். பிளக்குகள் கரி பூசிக்கொள்ளும், பெட்ரோல் வீணாகும். ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் மகள் வீடு இருந்து மாதம் ஒருமுறை போய்வருபவருக்கு இது உண்மையான தொல்லை.

இரண்டாவது வழி இங்கேதான் வலுப்பெறுகிறது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள 1.6 லிட்டர் ஜப்பானிய எஞ்சின் ஒன்றை இறக்கினால் உயரத்தைச் சென்சாரே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். குளிர்காலக் காலையில் சோக்கை இழுக்க வேண்டியதில்லை. மேட்டில் கியரைக் குறைக்க வேண்டியதில்லை. இளைஞர்கள் பலர் இதைத்தான் கேட்டு வருகிறார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த வயதில் அது இருந்தது.

ஆனால் எஞ்சினின் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்கக் கூடாது. பெரும்பாலான இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் முன்சக்கர ஓட்டத்துக்குக் குறுக்காகப் பூட்டப்பட்டவை. இந்த வண்டியோ பின்சக்கர ஓட்டம். எஞ்சினை நெடுக்காக வைக்க வேறு கியர்பாக்ஸ் தேட வேண்டும், தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், எண்ணெய்த் தொட்டியை வெட்டி ஒட்ட வேண்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும், பெட்ரோல் டேங்கில் அழுத்த பம்பு, முழு வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் வேண்டும். சக்தி கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். பின்னால் பழைய டிரம் பிரேக்கையே வைத்துக்கொண்டு முன்னால் வேகமான எஞ்சினைப் பூட்டித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. அந்த வண்டிகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பிறகு காகிதம். எஞ்சின் எண் வாகனப் பதிவேட்டில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் காவல்துறையின் அனுமதிச் சான்று வாங்கிப் பதிவை மாற்ற வேண்டும். எங்கிருந்து வந்தது என்ற ரசீது இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஐந்து வருடங்களுக்கு முன் நானே ஒருமுறை விற்றவரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். அந்த எஞ்சின் எட்டு மாதம் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வாடிக்கையாளர் வாரா வாரம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

மூன்றாவது வழி என்பி 200. 1400 பக்கி நின்ற அதே 2008-இல் வந்து, 2024-இல் தயாரிப்பு முடிந்த வண்டி. 1.6 லிட்டர் எஞ்சின், 800 கிலோ சரக்கு. பவர் ஸ்டியரிங் உள்ளது கிடைத்தால் முதுகுக்கு நல்லது. தினமும் சந்தைக்குப் போய்ப் பிழைப்பவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பிழைப்புக்கு ஓடும் வண்டி காலை நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அங்கே பாசத்துக்கு இடமில்லை. பழைய என்பி 200 வாங்கும்போது டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். எட்டு வால்வு எஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். ரசீது இல்லையென்றால், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். 1400-இன் சங்கிலி தேய்ந்தால் மாதக்கணக்கில் சலசலத்துச் சொல்லும். பெல்ட் எதையும் சொல்லாது.

புதிய வண்டியைச் சிறு பட்டறையில் பார்க்க முடியாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது பழைய நிலை. 2021 ஜூலை 1 முதல் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் நடைமுறையில் உள்ளன. உத்தரவாதக் காலத்திலேயே விருப்பமான தனிப் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விடியல். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கினேன், இரண்டு பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் நோயின் பெயர் அன்று, வலிக்கும் இடம். ஆக்ஸிஜன் சென்சார் என்று காட்டும். மாற்றிவிட்டால் ஒரு வாரத்தில் அதே எண் திரும்ப வரும். உண்மையில் இன்டேக் குழாயில் முடியளவு விரிசல் இருக்கும்.

புதியதற்கும் பழையதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு முழுதாகக் காட்டியது 2022 ஏப்ரல் வெள்ளம். நானூறுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே நீரில் நின்றது. அந்த வாரம் என்னிடம் இரண்டு வண்டிகள் வந்தன, இரண்டிலும் இருக்கை உயரத்துக்குச் சேறு. கார்புரேட்டர் வண்டியில் எண்ணெயை மூன்று முறை மாற்றினோம், டிஸ்ட்ரிபியூட்டரையும் ஸ்டார்ட்டரையும் பிரித்து வெயிலில் காயவைத்தோம், பெட்ரோல் டேங்கைக் கழுவினோம். ஒன்பதாம் நாள் ஓடியது. நான்கு வருடமே ஆன மற்றதில் கம்பளத்துக்கு அடியில் இருந்த வயர் முனைகள் எல்லாம் பச்சை பூத்துவிட்டன. ஒன்றைச் சரிசெய்தால் மறுநாள் இன்னொன்று. ஆறு வாரம் போராடிவிட்டு உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மாமாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “மாமா, இந்த வண்டி இனி எங்கே ஓடப்போகிறது?” ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், காவடித் திருவிழாவுக்குப் பூவும் தேங்காயும் ஏற்றவும்தான் என்றார். வேலைக்கு வேறு வண்டி இருக்கிறது. அப்படியானால் எஞ்சினை மாற்றத் தேவையே இல்லை. உடல் வேலையை முதலில் முடிப்போம், கையில் மிஞ்சுவதில் ஏ14-ஐப் புதுப்பிப்போம், கார்புரேட்டரை டர்பனுக்கே அளந்து வைப்போம் என்றேன். அவருடைய மகன் 1.6 எஞ்சின் ஆசையோடு நின்றான். அவனிடம் ஓட்டைத் தரையைக் காட்டினேன். “முதலில் இது, தம்பி” என்றேன். மறுவாரம் சனிக்கிழமை அவனே வந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டான்.

இப்போது வலப்பக்கத் தரைத்தகடு முடிந்திருக்கிறது. இடப்பக்கப் பெட்டிச் சட்டத்தை நாளை வெட்டுகிறேன். எஞ்சின் உடல் லேத் பட்டறையில் இருக்கிறது.